தகட்டை இழுப்பது யார்?

தாயி,

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "தாத்தா, மூணு வருசம் போச்சு, ஒண்ணும் வரல. பழைய பிராப்ளத்துல இன்னொரு டெர்ம் சேத்து பேப்பரை முடிச்சிருன்னு கைடு சொல்லுதாரு. எனக்கு மனசே இல்ல. விட்டுட்டு ஊருக்கு வந்துரட்டுமா?" என்றாய். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. போனில் அதற்கு வாய் வரவில்லை.

நம் வீட்டில் எல்லோருக்கும் நான் கணக்கு புரொபசர். கல்யாண வீடுகளில் "ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல டாக்டர் பட்டம் வாங்குனவங்க" என்று உன் அப்பா என்னைக் காட்டிச் சொல்வான். அந்தப் பட்டம் எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. நீ அதே துறைக்குப் போயிருக்கிறாய். உனக்குத் தெரிய வேண்டும்.

எண்பதுகளில் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக பிஎச்.டி. செய்தேன். இழுபடும் தகட்டின் மேல் பாய்மம் எப்படி ஓடும் என்பது தலைப்பு. பிளாஸ்டிக் தகடு செய்யும்போது, உருகிய பொருள் ஒரு பிளவு வழியாக வெளியே வந்து இழுபட்டு நீளும். நீளும்போது பக்கத்தில் இருக்கிற பாய்மத்தையும் தன்னோடு கூட்டிக்கொண்டு போகும். 1970-இல் கிரேன் என்பவர் இதற்கு ஒரு கணக்கு எழுதினார். பிளவிலிருந்து தள்ளிப்போகப் போகத் தகட்டின் வேகம் அந்தத் தூரத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது என்று வைத்துக்கொண்டால், பெரிய சமன்பாடுகள் எல்லாம் சுருங்கி ஒரே ஒரு வகைக்கெழுச் சமன்பாடாகி நிற்கும். அதற்கு ஒரே வரியில் விடை உண்டு. சின்னக் கட்டுரை, அழகான கட்டுரை. உனக்கும் தெரிந்ததுதான்.

அதற்குப் பின்னால் எங்களைப் போன்றவர்கள் வந்தோம். ஒருவர் காந்தப்புலம் சேர்த்தார். இன்னொருவர் தகட்டில் துளை போட்டார். வெப்பம், கதிர்வீச்சு, வேதிவினை, நுண்துளை ஊடகம் என்று ஆளுக்கொரு டெர்ம். நான் இரண்டிரண்டாகச் சேர்த்தேன். புரோகிராம் ஒன்றுதான். ஒரு எண்ணை மாற்றினால் வளைகோடு கொஞ்சம் நகரும். "காந்தப்புலம் கூடக் கூட வேகம் குறைகிறது" என்று முடிவுரை எழுதுவேன். இருபத்தேழு பேப்பர் இப்படி வெளிவந்தது.

வைவாவுக்கு வெளியூரிலிருந்து வயதான ஒரு பேராசிரியர் வந்திருந்தார். ஒரு மணி நேரம் நான் போர்டில் எழுதியதைப் பொறுமையாகப் பார்த்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, இந்தத் தகட்டை இழுப்பது யார்?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. அவரே விளக்கினார். தூரத்துக்கு நேர்விகிதமாக வேகம் கூடும்படி எந்த இயந்திரம் ஒரு தகட்டை இழுக்கிறது? அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் இவ்வளவு பெரிய காந்தத்தை யார் கொண்டுவந்து வைப்பார்கள்? தகடு இழுபடுவதை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? குரலில் கேலி இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசையோடுதான் கேட்டார். நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. பட்டம் கொடுத்துவிட்டார்கள். மாலை போட்டார்கள். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அந்தப் பேப்பர்களால் எனக்குப் பதவி உயர்வு வந்தது. அந்தச் சம்பளத்தில் உன் அப்பாவைப் படிக்க வைத்தோம். பிழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முப்பது வருடம் தண்ணீரைப் பற்றி எழுதியவன், ஒரு நாளும் தண்ணீரைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு ஆறாத குறை.

நீ எட்டு வயசில் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? ஐப்பசி மழையில் தாமிரபரணி செக்கச்செவேலென்று வந்தது. ஆச்சி பானையில் தண்ணீர் பிடித்து, உள்பக்கம் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து வைத்திருந்தாள். நீ டம்ளரில் கொஞ்சம் கலங்கல் எடுத்து ஜன்னலோரம் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாய். "தாத்தா, கலங்கல் ஏன் மேலேருந்து தெளியுது? நடுவுல கோடு போட்ட மாதிரி நிக்கே?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கனமானது கீழே போகும், போய்ப் படி" என்றேன். கனமானது கீழே போகும் என்பது ஆச்சிக்கும் தெரியும். கோடு ஏன் விழுகிறது என்பதுதான் உன் கேள்வி. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் டாக்டர் பட்டம் வாங்கியவனுக்கு அது தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை.

உன் கேள்விக்குப் பதில் ஓய்வுபெற்ற பிறகுதான் எனக்குக் கிடைத்தது. அதைத் தந்தவர் ஜார்ஜ் பேட்சலர். அவர் எழுதிய தடிப் புத்தகம், 1967-இல் வந்தது, உன் மேசையிலும் இருக்கும். அந்தப் புத்தகத்தை நாங்கள் எல்லோரும் சமன்பாட்டுக்காகப் புரட்டினோம். ஓடும் நீரையும் காற்றையும் பிடித்த புகைப்படங்களைப் பக்கம் பக்கமாக அதில் வைத்திருக்கிறார். அவற்றை நின்று பார்த்தவர்கள் எங்களில் குறைவு. நான் பார்க்கவில்லை. பிற்பாடுதான் பார்த்தேன். பிறகு அந்த மனிதரின் வாழ்க்கையையே தேடித் தேடிப் படித்தேன். அதைத்தான் உனக்குச் சொல்லப் போகிறேன்.

பேட்சலர் 1920-இல் மெல்போர்னில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரின்போது அங்கே வானூர்தி ஆய்வில் வேலை பார்த்தார். அப்போதுதான் கேம்பிரிட்ஜில் இருந்த ஜி. ஐ. டெய்லர் டர்புலன்ஸைப் பற்றி, அதாவது ஒழுங்கில்லாமல் சுழித்துக் கொந்தளிக்கும் ஓட்டத்தைப் பற்றி, எழுதிய கட்டுரைகள் அவர் கையில் கிடைத்தன. இவரிடம்தான் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். தனியாகப் போகவில்லை. ஆலன் டவுன்சென்ட் என்ற நண்பரையும் கூப்பிட்டார். டவுன்சென்ட் அதுவரை அணுக்கரு இயற்பியல் செய்துகொண்டிருந்தவர். வருகிறேன், ஆனால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும், டெய்லர் என்பவர் யார், டர்புலன்ஸ் என்றால் என்ன, என்று அவர் கேட்டாராம். அந்தத் துறையில் பலரும் சொல்லிக்கொள்ளும் கதை இது. எனக்கு அதில் பிடித்தது வேறொன்று. பேட்சலருக்குக் கணக்கு வரும், டவுன்சென்டுக்குக் கருவி வரும். தன்னிடம் இல்லாதது எது என்று இருபத்துநான்கு வயசிலேயே பேட்சலருக்குத் தெரிந்திருந்தது.

போர் முடியாத நேரத்தில் கப்பலேறி 1945 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தார். போனால், டெய்லர் டர்புலன்ஸை விட்டுவிட்டு வேறு வேலைகளுக்குப் போயிருந்தார். நினைத்துப் பார். பாதி உலகம் சுற்றி யாரைத் தேடி வந்தாரோ, அவர் அந்தக் கடையையே அடைத்துவிட்டார். நீங்கள் செய்யுங்கள், எனக்குச் சந்தோஷம் என்று சொல்லி டெய்லர் ஒதுங்கிக்கொண்டார். பேட்சலர் நூலகத்துக்குப் போனார். டவுன்சென்ட் காற்றுச் சுரங்கத்துக்குப் போனார்.

டெய்லரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். கணிதத் தருக்கத்துக்கு வழிபோட்ட ஜார்ஜ் பூலின் மகள் வயிற்றுப் பேரன் அவர். பூலின் மனைவி, இந்தியாவை அளந்த எவரெஸ்டின் அண்ணன் தம்பி வழியில் மகள் முறை. டைட்டானிக் மூழ்கிய மறுவருடம், 1913-இல், பனிப்பாறைகளைக் கண்காணிக்க வட அட்லாண்டிக்குக்கு ஸ்கோஷியா என்ற கப்பல் போனது. வானிலை ஆளாக டெய்லரும் அதில் ஏறினார். நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம் கப்பல் தளத்திலிருந்து பட்டம் விட்டு, உயரத்துக்கு உயரம் காற்றின் வெப்பத்தை அளந்தார். சூடான காற்று குளிர்ந்த கடல்மேல் வரும்போது எவ்வளவு உயரம் வரை கலங்குகிறது என்பதை அந்த அளவுகளிலிருந்துதான் கணக்கிட்டார். முதல் உலகப்போரில் விமானம் ஓட்டவே கற்றுக்கொண்டார். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளைகளை வைத்து, நடுவே திரவம் ஊற்றிச் சுழற்றினால், ஒரு வேகத்துக்கு மேல் அந்தத் திரவம் வளையம் வளையமாக அடுக்கிக்கொள்ளும். 1923-இல் அந்த வேகத்தைக் கணக்கால் சொல்லி, சாயம் விட்டுச் செய்தும் காட்டினார். கணக்கும் கண்ணும் ஒத்துப்போயின. அவருடைய கருவிகள் பெரும்பாலும் எளிமையானவை. எழுபது எண்பது வயதிலும் ஆய்வுக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். தகட்டை இழுப்பது யார் என்று அவரிடம் யாரும் கேட்டிருக்க முடியாது, தாயி. அவரே இழுத்துப் பார்த்திருப்பார்.

நூலகத்தில் பேட்சலருக்கு என்ன கிடைத்தது? 1941-இல் ரஷ்யாவின் கோல்மோகோரோவ் எழுதிய இரண்டு சின்னக் கட்டுரைகள். நாலைந்து பக்கம்தான் ஒவ்வொன்றும். போர்க்காலத்தில் எப்படியோ கேம்பிரிட்ஜ் வந்துசேர்ந்து, படிப்பாரில்லாமல் கிடந்தன. அதில் இருப்பதை நம் ஊர் வழியில் சொல்கிறேன். கன்னடியன் கால்வாயை நினைத்துக்கொள். தலைமதகில் விட்ட தண்ணீர் கிளைக்கால்வாய்க்குப் போய், அங்கிருந்து சின்ன வாய்க்காலுக்குப் போய், கடைசியில் வயலில் ஊறுகிறது. நடுவில் வாய்க்கால் எதையும் தனக்கென்று வைத்துக்கொள்வதில்லை. கொந்தளிக்கும் நீரில் ஆற்றலும் அப்படித்தான். பெரிய சுழி தன் ஆற்றலைச் சின்னச் சுழிகளுக்குத் தருகிறது, அவை இன்னும் சின்னவற்றுக்குத் தருகின்றன, கடைசியில் திரவத்தின் பிசுப்பு அதை வாங்கி வெப்பமாக்கிவிடுகிறது. இவ்வளவும் பலருக்குத் தோன்றியிருந்தது. கோல்மோகோரோவ் சொன்னது அடுத்த படி. கடைமடை வயலில் நிற்கும் தண்ணீருக்குத் தான் எந்த மதகு வழியாக வந்தோம் என்பது மறந்துவிடுகிறது. ஆறானாலும் சரி, புகைபோக்கிப் புகையானாலும் சரி, மிகச் சின்னச் சுழிகளின் நடத்தை ஒன்றுபோலவே இருக்கும். வினாடிக்கு எவ்வளவு ஆற்றல் இறங்கி வருகிறது, பிசுப்பு எவ்வளவு, இந்த இரண்டு போதும்.

பேட்சலர் இதன் அருமையைக் கண்டுகொண்டார். 1946-இல் பாரிஸ் மாநாட்டில் எடுத்துச் சொன்னார். அடுத்த வருடம் விளக்கமான கட்டுரையாக எழுதினார். ஆங்கிலம் படிக்கும் உலகம் பெரும்பாலும் இவர் வழியாகத்தான் கோல்மோகோரோவைத் தெரிந்துகொண்டது. தலைப்பிலேயே அவர் பெயரை வைத்து, இது அவருடைய கோட்பாடு என்று சொல்லித்தான் எழுதினார். தாயி, இதைக் கொஞ்சம் நின்று யோசி. பேட்சலரின் பெயரை முதன்முதலில் நிலைநாட்டிய வேலைகளில் ஒன்று, இன்னொருவர் யோசனையை ஒழுங்காகப் படித்து, சோதித்து, மற்றவர்களுக்குப் புரியவைத்தது. "ஒண்ணும் வரல" என்கிறாய். மூன்று வருடத்தில் எத்தனை கட்டுரையை அந்த அளவுக்குப் படித்தாய்? கோபித்துக்கொள்ளாதே. எனக்கு நானே கேட்டுக்கொண்ட கேள்வி இது. என்னால் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் பேப்பர் முடிவில் எண் போட்டு அடுக்குவதற்காக மட்டும் புரட்டியிருந்தேன்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

1949-இல் பேட்சலரும் டவுன்சென்டும் சேர்ந்து அளந்தபோது ஒன்று தட்டுப்பட்டது. ஆற்றல் எல்லா இடத்திலும் சீராக ஊறவில்லை. கடைமடையில் ஒரு வயல் மூழ்கிக் கிடக்கிறது, பக்கத்து வயல் வெடித்துக் கிடக்கிறது. சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு கணக்குச் சொன்னால் எந்த வயலுக்கும் பொருந்தாது. 1961-இல் மார்செயில் டர்புலன்ஸுக்காக ஒரு பெரிய கூட்டம் நடந்தது. டெய்லரும் வந்திருந்தார், கோல்மோகோரோவே வந்திருந்தார். கனடாவில் கடல்நீர் பாயும் கால்வாயில் எடுத்த அளவுகள் பழைய கோட்பாட்டோடு அழகாக ஒத்துப்போவதை ஒரு பக்கம் காட்டினார்கள். இன்னொரு பக்கம் கோல்மோகோரோவ் எழுந்து, பழைய யோசனையைத் திருத்த வேண்டியிருக்கிறது என்றார். இருபது வருடம் கட்டிய வீட்டின் அஸ்திவாரத்தில் கட்டினவரே விரிசலைக் காட்டுகிறார். பேட்சலருக்கு அப்போது நாற்பத்தொரு வயது. இந்தப் பிரச்சினை தன் காலத்தில், தன் கையால் முடியப்போவதில்லை என்ற எண்ணம் அவருக்கு அந்தக் காலகட்டத்தில்தான் வலுத்தது.

அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளுக்கு முப்பரிமாணத்தில் எப்போதும் ஒழுங்கான விடை உண்டா என்பதற்கே நிரூபணம் இல்லை. 2000-இல் அதற்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தார்கள், இன்னும் யாரும் வாங்கவில்லை. இரு பரிமாணத்தில் அதை நிரூபித்தவர்களில் முன்னால் நிற்பவர் ஓல்கா லேடிசென்ஸ்கயா. அவருடைய அப்பாவும் கணக்கு வாத்தியார். 1937-இல் சோவியத் அரசு அவரைக் கொன்றது. அந்தக் காரணத்தாலேயே மகளுக்கு லெனின்கிராட் பல்கலைக்கழகத்தில் முதலில் இடம் கொடுக்கவில்லை. அவர் கதையை வேறொரு நாள் எழுதுகிறேன்.

பேட்சலர் ஏறக்குறைய ஐம்பது வயதில் வேறு பக்கம் திரும்பினார். திரவத்தில் மிதக்கும் துகள்கள். சேறு, வண்டல், பெயின்ட், மை. பெரிய பேராசிரியர், துறைத்தலைவர், உலகம் முழுக்க டர்புலன்ஸுக்கு அறியப்பட்டவர், கலங்கல் தண்ணீர் எப்படித் தெளிகிறது என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ஒரே ஒரு உருண்டை விழுந்தால் எவ்வளவு வேகத்தில் விழும் என்பதை ஸ்டோக்ஸ் 1851-லேயே சொல்லிவிட்டார். பல உருண்டைகள் சேர்ந்து விழுந்தால்? ஒவ்வொன்றும் விழும்போது சுற்றியுள்ள நீரைக் கொஞ்சம் இழுக்கிறது. அந்த இழுப்பு தூரத்தோடு குறைகிறது, ஆனால் மெதுவாகக் குறைகிறது. தூரத்தில் இருக்கிற உருண்டைகளின் எண்ணிக்கையோ வேகமாகக் கூடுகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் கூட்டுத்தொகை முடிவில்லாமல் போய்விடும். கணக்குப்படி வண்டல் எல்லையில்லாத வேகத்தில் விழ வேண்டும். பானையில் அப்படி விழவில்லை. கணக்கு எங்கே தப்பியது?

பானைக்கு அடி இருக்கிறது, தாயி. வண்டல் கீழே இறங்கினால் அது விட்ட இடத்துக்குத் தண்ணீர் மேலே ஏறியே ஆக வேண்டும். இறங்குவதும் ஏறுவதும் மொத்தத்தில் ஈடாகிவிடும். அந்தச் சமன்பாட்டைப் பிடித்துக்கொண்டு, முடிவில்லாத கூட்டலிலிருந்து கழிக்க வேண்டியதைக் கழித்தார் பேட்சலர். 1972-இல் விடை வந்தது. ஒரே அளவு உருண்டைகள், அங்கங்கே சிதறிக் கிடப்பவை, கன அளவில் நூற்றில் ஒரு பங்கு என்றால், விழும் வேகம் 6.55 சதவீதம் குறையும். தனியாக விழுந்தால் நூறு நிமிடத்தில் அடியைத் தொடுவது, கூட்டத்தோடு விழுந்தால் ஏறக்குறைய நூற்றேழு நிமிடம் எடுக்கும். மேலே ஏறும் தண்ணீர் எதிர்த்து நிற்பதுதான் பெரிய காரணம்.

நீ எட்டு வயசில் பார்த்த கோடும் இதில்தான் இருக்கிறது. கூட்டம் அடர்த்தியாக இருந்தால் மெதுவாக விழும். கூட்டத்தை விட்டு மேலே தங்கிவிட்ட துகளுக்குச் சுற்றிலும் இடைஞ்சல் குறைவு, அதனால் அது வேகமாக விழுந்து கூட்டத்தைப் பிடித்துவிடும். மேலே யாரும் பிந்தி நிற்க முடியாது. அதனால்தான் தெளிந்த நீருக்கும் கலங்கலுக்கும் நடுவே கோடு அழியாமல் நிற்கிறது. ஆச்சியின் தேற்றாங்கொட்டை செய்வது இன்னொரு வேலை. அதன் சாறு துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிறது. விழும் வேகம் ஆரத்தின் வர்க்கத்தோடு கூடும். இரண்டு மடங்கு பெரிய உருண்டை நான்கு மடங்கு வேகத்தில் விழும். ஒட்டிய திரளுக்குள் தண்ணீர் சிக்கியிருக்கும் என்பதால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆற்று வண்டல் உருண்டையும் இல்லை, ஒரே அளவும் இல்லை. இவ்வளவும் எனக்குத் தெரிந்தபோது நீ கல்லூரிக்குப் போய்விட்டாய். கூப்பிட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது சொல்லிவிட்டேன்.

விடுவதைப் பற்றிக் கேட்டாயே. சந்திரசேகரை நினைத்துப் பார். லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930-இல் கப்பலேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. நட்சத்திரங்களுக்காக நோபல் வாங்கியவர் என்று எல்லோருக்கும் தெரியும். நடுவில் ஏறக்குறைய பத்து வருடம் நம் துறையில் இருந்தார். டெய்லரின் உருளைகளையும், அடியில் சூடேற்றிய திரவம் எப்போது புரளும் என்பதையும், காந்தப்புலம் அதை எப்படி அடக்கும் என்பதையும் ஆழமாகப் பார்த்து, 1961-இல் பெரிய புத்தகமாக எழுதி முடித்தார். முடித்த கையோடு வேறு துறைக்குப் போய்விட்டார். வாழ்நாள் முழுக்க அவர் வழக்கம் அது. என் மாதிரி ஆள் காந்தப்புல டெர்ம் சேர்த்ததற்கும் அவர் சேர்த்ததற்கும் வித்தியாசம் என்ன? அவர் சொன்னதைப் பாதரசத்தை வைத்துச் செய்து பார்த்தார்கள். சொன்னபடி நடந்தது.

சந்திரசேகர் முடித்துவிட்டு விட்டார். பேட்சலர் முடியாததால் விட்டார். இரண்டும் மரியாதையான விடுதல்தான். களைப்பில் விடுவது வேறு. நீ கேட்டது எந்த வகை என்று உனக்குத்தான் தெரியும். என் காதில் களைப்புதான் கேட்டது.

பேட்சலர் செய்த இன்னொரு காரியத்தை நான் ஆராய்ச்சிக்கும் மேலாக வைப்பேன். 1956-இல் நம் துறைக்கென்று ஒரு ஜர்னலைத் தொடங்கினார். அதற்கு முன்னால் இயற்பியல் ஏட்டில் ஒன்று, பொறியியல் ஏட்டில் ஒன்று என்று கட்டுரைகள் சிதறிக் கிடந்தன. செய்து பார்ப்பவரும் கணக்குப் போடுபவரும் ஒரே ஏட்டில் எழுதட்டும் என்று அதை வளர்த்தார். பல பத்தாண்டுகள் ஆசிரியராக இருந்து, மற்றவர்கள் எழுதியதை வரிவரியாகத் திருத்தினார். 1959-இல் கேம்பிரிட்ஜில் பயன்முறைக் கணிதத்துக்கும் கோட்பாட்டு இயற்பியலுக்கும் சேர்த்து ஒரு துறை உருவாக அவர்தான் முன்னின்றார். 1983 வரை அவரே தலைவர். இருபத்துநான்கு வருடம்! அந்தத் துறையின் சுவருக்குள் ஆய்வுக்கூடமும் இருந்தது. கணிதத் துறைக்குள் தண்ணீர்த் தொட்டி! நான் வேலை பார்த்த காலமெல்லாம் எங்கள் துறையில் ஒரு வாளி தண்ணீர் இருந்தால் அது போர்டு துடைக்கத்தான்.

ஐரோப்பாவைச் சுவர் பிரித்திருந்த காலத்தில், 1964-இல், இரண்டு பக்கத்து ஆட்களும் சந்திக்கும்படி சின்னச் சின்னக் கூட்டங்களுக்கு வழி செய்தார். தன் குரு டெய்லரின் கட்டுரைகளை நான்கு தொகுதிகளாகப் பதிப்பித்தார். கடைசியில், எழுபத்தாறு வயதில், பார்க்கின்சன் நோயோடு இருந்த நாட்களில், டெய்லரின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதி வெளியிட்டார். 2000-இல் இறந்தார். ஐம்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் கப்பலேறி யாரைத் தேடிப் போனாரோ, அவரைப் பற்றிய கடனைத் தீர்த்துவிட்டுத்தான் போனார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

இப்போது உன் காரியத்துக்கு வருகிறேன். கைடோடு சண்டை போடாதே. அவருக்கும் மேலிடத்தில் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். அவர் சொன்ன பேப்பரை முடித்துக் கொடு, இரண்டு மாதம் ஆகும், ஆகட்டும். ஆனால் அனுப்புவதற்கு முன்னால், நீ சேர்க்கிற டெர்ம் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று தேடு. ஒரு ஆலை, ஒரு ரத்தக்குழாய், ஒரு வாய்க்கால், எங்கேயாவது இருக்க வேண்டும். இருந்தால் அங்கே போய்ப் பார். இல்லாவிட்டால், இது எங்கும் நடப்பதாகத் தெரியவில்லை என்று கைடிடம் பணிவாகச் சொல்லிப் பார். அவருக்குள்ளும் அந்தக் கேள்வி இருக்கலாம். கேட்க ஆளில்லாமல் அவரும் எத்தனை வருடமாக இருக்கிறாரோ.

காலையில் இரண்டு மணி நேரம் உனக்கென்று வைத்துக்கொள். அந்த நேரத்தில் பேட்சலரின் 1972 கட்டுரையை எடு. ஒரு வரி விடாமல் நீயே போட்டுப் பார். 6.55 உன் கையில் வரும்வரை விடாதே. எனக்கு நான்கு மாதம் ஆனது, அதிலும் ஒரு இடத்தில் இன்னும் சந்தேகம் இருக்கிறது. இரண்டு உருண்டைகள் கிட்டத்தட்ட ஒட்டி விழும்போது எண்களை எப்படி எடுத்தார் என்பது எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. நீ வந்து சொல்லித் தர வேண்டும். உன் லேபில் டவுன்சென்ட் மாதிரி யாராவது இருக்கிறார்களா என்றும் பார். பக்கத்துக் கட்டிடத்தில் பம்பும் குழாயுமாக மல்லுக்கட்டுகிற மெக்கானிக்கல் பையனோ பொண்ணோ இருப்பார்கள். போய் டீ வாங்கிக் கொடுத்துப் பேசு.

இவ்வளவுக்கும் பிறகு மனசு இல்லையென்றால் வந்துவிடு. வீடு இருக்கிறது. ஆச்சி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள், நானும் கேட்க மாட்டேன்.

எப்படியும் பொங்கலுக்கு வருவாய் அல்லவா, வரும்போது உயரமான கண்ணாடி ஜாடி இரண்டு வாங்கிக்கொண்டு வா, ஒரே அளவாக இருக்கட்டும். லேபில் பழைய அளவுகுழாய் கழித்துப் போடுவதாக இருந்தால் அதுவே நல்லது. படித்துறை வண்டலை இரண்டு டப்பாவில் எடுத்துக் காயவைத்திருக்கிறேன், நேற்று மாவுச் சல்லடையில் சலித்தேன், ஆச்சி திட்டினாள். ஒரு ஜாடியில் வண்டலைக் கொஞ்சமாகவும் இன்னொன்றில் இரட்டிப்பாகவும் போட்டு, கோடு இறங்குவதை நீ பார்த்துச் சொல்லு, நான் நேரத்தைக் குறித்துக்கொள்கிறேன். ஸ்டாப் வாட்ச் என்னிடம் இருக்கிறது, பேட்டரி மட்டும் மாற்ற வேண்டும்.

அன்புடன்,
சின்னத் தாத்தா